ஸ்கானில் தெரியாத காது

ஹெவ்லொக் டவுனில் உயர்தர மாணவருக்கு விலங்கியல் படிப்பித்தேன். கரு வளர்ச்சிப் பாடம் என்றால் எனக்குத் தனி உற்சாகம். ஒரு கலம் இரண்டாகி, நான்காகி, பந்தாகி, மடிந்து, அதற்குள் இதயமும் கண்ணும் காதும் முளைப்பதைக் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். படம் பிழைத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி கீறுவேன். எனக்கே கரு தங்கியபோதுதான் அந்தத் துணி வயிற்றுக்குள் எட்டாது என்பது உறைத்தது.

அப்போது வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் அறை எடுத்திருந்தேன். கணவர் மத்திய கிழக்கில். பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருந்த ஒரு தாயும் மூன்று வயது மகளும். ஒருநாள் காலை பொலிஸ் வந்து “ஐ.சி. பென்னன்ன” என்று சிங்களத்தில் கேட்டு, எல்லாரையும் கூடத்தில் நிறுத்தி அடையாள அட்டைகளைப் பார்த்தது. இங்கே தங்குவதற்கான அந்தப் பெண்ணின் பொலிஸ் பதிவு காலாவதியாகியிருந்தது. ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள்.

“அக்கா, இவளை ஒருக்கா வைச்சிருங்கோ” என்று பிள்ளையை என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

பிள்ளை பகல் முழுக்க அழுதது. இடுப்பை விட்டு இறக்க முடியவில்லை. உடம்பு சுட்டது. கழுத்திலும் நெஞ்சிலும் சிவப்புப் பொட்டுகள். முதல்நாள் தாய் அவற்றை வேர்க்குரு என்று சொல்லியிருந்தாள்; நானும் நம்பினேன். பின்னேரம் பிள்ளையைப் படுக்க வைக்கத் தலையணையை இழுத்தபோது அடியில் வேப்பிலை கிடந்தது.

எங்கள் ஆட்கள் வீட்டில் அம்மாள் வந்தால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். நோயின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். இலையைக் கண்டவர் தானே விலகிப் போவார். இவள் அந்த இலையை ஒளித்துவிட்டாள்.

இருட்டும் நேரம் திரும்பி வந்தவளிடம் கத்தினேன். “நான் பிள்ளைத்தாச்சி எண்டு தெரியாதே உமக்கு? எனக்காவது சொல்லியிருக்கலாமே!”

“வாசலிலை இலையைக் கண்டால் வீட்டுக்காரர் எழும்பச் சொல்லுவினம் அக்கா. பிறகு நாங்கள் எங்கை போறது?”

எனக்கு அவள்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் முன்னமே தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளையைப் பொலிஸ் வானில் ஏற்ற விட்டிருப்பேனா?

இரண்டு கிழமையில் எனக்கும் பொட்டுகள் வந்தன. காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. ஜேர்மன் சின்னமுத்து, அதாவது ருபெல்லா. பிள்ளைகளுக்கு அது நாலு நாள் சொறி. வயிற்றுக் கருவுக்கு அப்படியல்ல. கிருமி தாயையும் கருவையும் இணைக்கும் சூல்வித்தகத்தைத் தாண்டிப் போய், எந்த உறுப்பு அப்போது உருவாகிறதோ அதன் கலங்களைப் பெருகவிடாமல் தடுத்துவிடும். எனக்கு மூன்றாம் மாதம். உட்காது நத்தை ஓடுபோலச் சுருண்டு, அதற்குள் ஒலியை உணரும் கலங்கள் உருவாகும் காலம். இதை நானே படிப்பித்திருக்கிறேன். படிக்காதவளாக இருந்திருந்தால் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பொரளையில் டொக்டர் ஸ்கான் எடுத்தார். “ஹார்ட் வடிவா இருக்கு பிள்ளை. காது கேக்குமோ எண்டு இதிலை பார்க்கேலாது. பிறந்த பிறகுதான்.”

மீதி மாதங்களைப் பயத்தோடுதான் கழித்தேன். சோதனைச் சாவடியில் கைப்பையைக் கொட்டிக் கிளறும்போதும் என் நினைப்பு வயிற்றுக்குள்தான் இருந்தது. பாட்டுப் போட்டால் பிள்ளை உதைக்கிறதா என்று பார்ப்பேன். உதைக்கும். பாட்டை நிறுத்தினாலும் உதைக்கும்.

மகள் பிறந்தாள். கை தட்டினேன், கரண்டியால் கிளாசைத் தட்டினேன். சில வேளை திரும்புவாள், சில வேளை என் கையைப் பார்த்துத்தான் திரும்பினாளோ என்று தோன்றும். ஐந்தாம் மாதமாகியும் எனக்கு நிச்சயமில்லை.

ஒருநாள் முற்பகல் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தொட்டிலில் மகள் திடுக்கிட்டு வீரிட்டாள். கேட்டுவிட்டது! அவளை அள்ளி எடுத்துச் சிரித்தேன். அடுத்த நிமிடமே தொட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். வீடே அதிர்ந்ததே, தொட்டிலும் அதிர்ந்திருக்குமே. காது கேளாத பிள்ளையும் அதற்குத் திடுக்கிடும்.

காலி வீதியில் ஒரு அம்புலன்ஸ் கூவிக்கொண்டு போனது. அழுகை ஓய்ந்து மகள் ஜன்னல் பக்கம் தலையை அசைத்தாள். வெளிச்சத்தைத்தான் பார்த்தாளோ? அவளுக்கு ஜன்னல் தெரியாதபடி அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தோளோடு பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மா கூடத்தில், “ஐயோ, எத்தினை சனமோ” என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தா. நான் அசையாமல் நின்றேன். இன்னொன்று வரவேண்டும், கடவுளே, இன்னும் ஒரே ஒரு அம்புலன்ஸ் வரவேண்டும் என்று மன்றாடினேன்.

வந்தது. மகள் கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.