கோலத்துக்குப் போன பரங்கிப் பூ

எனக்குப் பயம் அதிகம். கொல்லைக் கதவைத் தாழ் போட்டோமா என்று தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருகிற ஆள் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதனால் மற்றவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாது, அது ஒரு நாள் என்னைக் கவிழ்த்துவிடும் என்ற நினைப்பு எப்போதும் உண்டு. ஆனால் பரங்கிக் கொடி விஷயத்தில் நான் சொல்வதுதான் சரி. அதில் யாரோடும் மல்லுக்கு நிற்பேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. வீட்டில் மாமியார், எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நாத்தனார், நான். வீடு சின்னது, கொல்லை பெரிது. கொல்லையின் கோடியில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் பாயும் தட்டும் தம்ளருமாக அங்கேதான் இருக்க வேண்டும்.

இரண்டாவது வருஷப் புரட்டாசியில் முசிறியிலிருந்து அம்மா வந்து ஒரு துணி முடிச்சைக் கொடுத்தாள். உள்ளே எட்டுப் பரங்கி விதை. எங்கள் வீட்டுப் பரங்கி கடையில் கிடைக்காது. தட்டையாக, ஆழமான வரியோடு, தோலில் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அறுத்தால் உள்ளே மஞ்சள் கிழங்கு நிறம். வேகும்போது தண்ணீர் விடாது. அப்பா போன பிறகு அண்ணன் நிலம் முழுக்க வாழை போட்டுவிட்டார். மூன்று வருஷமாக விதைக்காமல் கிடந்ததில் பானையிலிருந்த மீதி விதையெல்லாம் உளுத்துப் போயிற்று.

"இதான் கடைசி. காய்ச்சா எனக்கும் நாலு விதை குடு" என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டில் ஒன்றுதான் முளைத்தது. அந்த ஒரு கொடியைக் கொட்டகைக் கூரையில் ஏற்றிவிட்டு நான் பட்ட கவலையை எழுதினால் உங்களுக்கு அலுப்புத் தட்டும். ராத்திரி மழை பெய்தால் தூக்கம் போய்விடும். பூசணி வண்டு ஒன்று உட்கார்ந்தாலும் சாம்பலைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

கார்த்திகைக் கடைசியில் பூக்க ஆரம்பித்தது. மார்கழி பிறந்ததும் தெருவே எங்கள் கொல்லையைப் பார்த்தது. ஸ்ரீரங்கத்தில் மார்கழிக் கோலமென்றால் நடுவில் சாணி உருண்டை, அதன் மேல் பரங்கிப் பூ. பூ இல்லாத கோலத்தை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள்.

பரங்கியில் இரண்டு விதப் பூ. ஒன்றின் அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருக்கும். இன்னொன்று நீளக் காம்போடு வெறுமே நிற்கும். மாமியார் அதை மலட்டுப் பூ என்பார். "பிஞ்சு இருக்குறதத் தொடாத. மலட்டுப் பூவ எல்லாம் பறிச்சுடு. சும்மா நின்னு கொடியோட சத்தை உறிஞ்சுது" என்று சொல்லிவைத்திருந்தார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. விடியுமுன் நானும் நாத்தனாரும் விளக்கோடு போய் வெறும் பூ ஒன்றுவிடாமல் பறிப்போம். எங்கள் கோலத்துக்கு ஐந்து. அடுத்த தெரு மாமி கூடையோடு வந்து நிற்பார், அவருக்கு ஐந்து.

"உன் மாட்டுப்பொண்ணுக்குக் கைராசிடி" என்பார் மாமி என் மாமியாரிடம்.

கைராசி நாலே நாளில் தெரிந்தது. முதல் பிஞ்சு மஞ்சளாகி, நுனி அழுகி, தொட்டதும் கையோடு வந்தது. அப்புறம் இரண்டாவது. மார்கழி பத்துக்குள் ஏழு பிஞ்சு விழுந்துவிட்டது. ஒவ்வொன்று விழும்போதும் அம்மாவின் துணி முடிச்சு நினைவுக்கு வரும். இந்தக் கொடி காயாமல் காய்ந்துபோனால் அந்தப் பரங்கி இனி எங்கேயும் இல்லை.

"திருஷ்டி. தெருவே வந்து கண்ணு வெச்சா?" என்றார் மாமியார். ஓட்டைப் பானையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக் கொட்டகை மேல் கவிழ்த்தார். பானைக்குக் கீழேயே எட்டாவது பிஞ்சும் விழுந்தது.

மார்கழி நடுவில் எனக்கு விலக்கு வந்தது. போக வேண்டியது கொடி ஏறியிருந்த அதே கொட்டகைக்கு. பக்கத்தில் போனால் கொடி கருகிவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்தால் பனி. உள்ளே போனால் தலைக்கு மேலே கொடி. அழுதுகொண்டே உள்ளேதான் போனேன்.

மறுநாள் விடியற்காலை மாமி கூடையோடு வந்த சத்தம் கேட்டது.

"மூணு நாளைக்குப் பூ இல்லீங்க. தீட்டுக் கொட்டகைப் பூவைக் கோலத்துல வைக்க முடியுங்களா?" என்றார் மாமியார்.

"அடப் பாவமே. அவளை வேற எங்கேயாவது உக்காத்தி வெச்சிருக்கப்படாதோ?"

"கொடியத்தான் வேற எங்கயாவது ஏத்தியிருக்கணும்."

அந்த மூன்று நாளும் எனக்குப் பார்க்க மட்டும்தான் வேலை. கூரை தாழ்வு. வாசல்படியில் உட்கார்ந்தால் பூக்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். வெயில் ஏறுவதற்குள் தேனீ வந்துவிடும். வெறும் பூவுக்குள் தலைகீழாக இறங்கி, மாவு மில்லிலிருந்து வருகிறவன் மாதிரி உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு வெளியே வரும். அடுத்து பிஞ்சுப் பூ. அங்கே நடுவில் இருக்கும் தடித்த குமிழைச் சுற்றிச் சுற்றி நடக்கும். திரும்ப வெறும் பூ. பத்து மணிக்கெல்லாம் பூ சுருங்கிவிடும், தேனீயும் போய்விடும். அந்த மூன்று நாளில் மூன்று பிஞ்சுப் பூ விரிந்தது. மூன்றையும் அடையாளம் பார்த்து வைத்தேன், விழும்போது கணக்குத் தெரியட்டும் என்று.

தலைக்குக் குளித்துவிட்டு வந்த பிறகும் இரண்டு நாள் கொடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை; பூப் பறிக்க நாத்தனாரை அனுப்பினேன். மூன்றாம் நாள் பார்த்தேன். ஒன்று விழுந்திருந்தது. மற்ற இரண்டும் எலுமிச்சை அளவுக்குப் பருத்து, பச்சை மின்ன, காம்பைக் கீழே வளைத்துக்கொண்டு தொங்கின.

நான் கிட்டே இருந்தால் கருக வேண்டிய கொடி, நான் அடியிலேயே கிடந்தபோதுதான் காய் பிடித்திருக்கிறது. பானைதான் காரணம் என்றார் மாமியார். பானை இருந்தபோதும்தானே எட்டாவது விழுந்தது? அந்த மூன்று நாளில் வேறு என்ன மாறியது என்று துவைக்கிற கல்லில் உட்கார்ந்து யோசித்தேன். வெறும் பூவைப் பறிக்கவில்லை. அது ஒன்றுதான்.

கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் போனேன். "ஒரு பூவோட தூள் இன்னொரு பூவுல படுறதப் பத்தி உன் புஸ்தகத்துல ஏதாவது போட்டிருக்கா?"

அவள் நிமிராமலே ஒப்பித்தாள். "மகரந்தத் தூள் சூல்முடியைச் சென்று சேர்வது மகரந்தச் சேர்க்கை எனப்படும். படம் வரைந்து பாகங்களைக் குறி. அதுல எனக்குப் பத்துக்கு ஒம்போது அண்ணி."

"அப்ப தினமும் என்கூட வந்து அந்தத் தூள் இருக்குற பூவையே பறிச்சியேடி."

அவள் புத்தகத்தைப் புரட்டி அந்தப் படத்தை எடுத்துக் காட்டினாள். "எங்க படத்துல செம்பருத்திதான் அண்ணி போட்டிருந்துச்சு. அதுல ரெண்டும் ஒரே பூவுலயே இருக்கும்."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு எனக்கே புதிது. ஆனால் எனக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது. மறுநாள் இரண்டு பிஞ்சுப் பூ விரிய இருந்தது. ஒன்றின் வாயை முதல் நாள் சாயங்காலமே வாழைநாரால் கட்டிவிட்டேன். விடிந்ததும் ஒரு வெறும் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, அதன் தூளை இன்னொரு பிஞ்சுப் பூவின் குமிழில் பட்டும் படாமல் தடவினேன். இருக்கிற கொஞ்சத்தில் ஒரு பிஞ்சை வேண்டுமென்றே சாகவிடுகிறோமே என்று நாரை இரண்டு தடவை அவிழ்க்கப் போனேன். நாலு நாளில் நார் கட்டியது மஞ்சளாகி விழுந்தது. நான் தொட்டது நின்றது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தெருவுக்குப் பூ இல்லை என்று சொல்லவும் இல்லை. கோலத்துக்குப் போகிற பூ என் வேலையை முடித்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொண்டேன். விடியுமுன் பறித்த பூவைக் கிழிக்காமல், விரிந்த பிஞ்சுப் பூவுக்குள் ஒரு தரம் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மாமி கூடையில் போடுவேன்.

"என்னடி, பூவுக்குப் பூ முத்தம் குடுக்க வைக்கறே?" என்றார் மாமி.

"நாளைக்குக் காய் வேணுமில்லீங்களா மாமி?"

பொங்கலுக்குக் கூட்டு வைக்கக் கடையில் பரங்கிக்கீற்று வாங்கினேன். "கூரையில மூணு தொங்குது. இவ கடைக்குப் போறா" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது முத்தட்டும் அத்தை. விதைக்கு" என்றேன். அதற்குமுன் அவரிடம் ஒரு பேச்சுக்கு மறுபேச்சு நான் பேசியதில்லை. அவர் பானையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பானையால்தான் காய்த்தது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதை இறக்கவில்லை.

மாசிக் கடைசியில் காம்பு காய்ந்தது. முதல் காயை அறுத்தபோது அதே மஞ்சள் கிழங்கு நிறம். விதைகளைச் சாம்பலில் புரட்டி, சாணியில் பதித்து, இரண்டு வறட்டியாகச் சுவரில் தட்டிக் காயவைத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு.

வறட்டியை வாங்கிப் போக வந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம ஊர்ல கொடி வயல்ல கெடந்துச்சு. கோலத்துக்குப் பூ வேணும்னு அவ்வளவு தூரம் யாரு நடப்பா? அதான் தானா காய்ச்சிருக்கு."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸில் அம்மாவை ஏற்றிவிட்டேன். வறட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, வறட்டியெல்லாம் பஸ்ல ஏத்துறீங்க? முசிறியில மாடு இல்லையா?"

"மாடு இருக்கு தம்பி" என்றாள் அம்மா, முந்தானையால் அதை மூடிக்கொண்டு. "இதுதான் இல்ல."