சர்க்கரை தூக்கலாக ஒரு காபி

காபி விஷயத்தில் நான் பொல்லாதவள். பெருமைக்காகச் சொல்லவில்லை, என்னோடு குடித்தனம் நடத்துகிறவர் சொன்னது. டிக்காஷன் இறங்கி அரைமணி ஆகிவிட்டால் எனக்கு அது கழுநீர். பாலை இரண்டாம் முறை காய்ச்சியிருந்தால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவேன். காலைக் காபி தள்ளிப்போனால் வலது நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடி தொடங்கிவிடும். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு இது வியாதி இல்லை, வளர்ப்பு.

வளர்த்தவள் அம்மா. காவிரிப் படித்துறைக்குப் போகும் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. எழுபதுகளில் அந்தத் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் காபி அம்மாவுடையதாகத்தான் இருக்கும். எடுக்கிற வரைக்கும் சாவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அழுகைச் சத்தம் காதில் விழுந்ததுமே அம்மா பாலை அடுப்பில் ஏற்றிவிடுவாள். பேச்சுவார்த்தை இல்லாத வீடா, குழாயடியில் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்ட வீடா, அதெல்லாம் கணக்கில்லை. பெரிய தூக்குவாளியில் காபியை ஊற்றி மூடி, என்னையும் தம்ளர்களைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லிக் கிளம்பிவிடுவாள்.

அந்தக் காபியில் மட்டும் சர்க்கரை அதிகம் இருக்கும். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"தூக்கலாத்தான்டி போடணும். அழுது அழுது அவங்க ஒடம்புல ஒண்ணும் இருக்காது" என்றாள்.

அங்கே போய் ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டாள். அவளுக்கு அது வராது. தம்ளரைக் கையில் திணித்து, குடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிறகு எழுந்து வந்துவிடுவாள். தூக்குவாளி அங்கேயே கிடக்கும். காரியம் முடிந்து அவர்களாகக் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, இவளாகப் போய்க் கேட்க மாட்டாள். முதல் தடவை போனபோது, நான் புத்திசாலித்தனமாக வாசலில் நின்று, "போயிட்டு வரோம் அத்தே" என்று சொல்லிவிட்டேன். தொடையில் விழுந்த கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது, அந்த வீட்டாரும் நம்மைக் கூப்பிடக் கூடாது. வரேன் என்று சொன்னால் இதே மாதிரி ஒரு காரியத்துக்கு மறுபடி வர வேண்டியதாகிவிடும் என்று தெருவெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் வளைகுடாவுக்குப் போனேன். போன இரண்டாம் வருஷம், ஒருநாள் மாலை, அவர் ஆபீசிலிருந்து வழக்கத்துக்கு முன்பாகவே வந்து நின்றார். தம்பி போன் பண்ணியிருக்கிறான். அம்மா மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும், அதற்குள் அக்காவை வந்துவிடச் சொல்லுங்கள் என்று அவன் சொன்னானாம். அவருடைய பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் பூட்டி வைத்திருந்தான். என்னுடையது வீட்டில் இருந்தது. ராத்திரி விமானத்தில் பம்பாய், காலையில் அங்கிருந்து மெட்ராஸ், மெட்ராசிலிருந்து டாக்சி. கணக்குப் போட்டுப் பார்த்தால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம். அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம்.

அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. அவர் பாவம், டீ போட்டுத் தருகிறேன் என்று பாத்திரத்தை எடுத்தார். வேண்டாம் என்றேன். எங்கள் தெருவாக இருந்தால் இந்நேரம் யாராவது தூக்குவாளியோடு வந்திருப்பார்கள். நாங்கள் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் யார் கதவைத் தட்டி என்ன சொல்வது? எங்கள் தெருவிலேயே கூட, இப்போது நம் வீட்டுக்கு யார் காபி கொண்டுவருவார்கள் என்று ஒரு யோசனை வந்தது. கொண்டுபோகிறவளே போய்விட்டாளே.

பம்பாயில் இறங்கியபோது தலைவலி ஆரம்பித்திருந்தது. சர்வதேச விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி உள்நாட்டு நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு விமானம் ஏறியிருந்தாலும், எனக்கு விமான நிலையம் என்றால் திருச்சிதான். சின்ன வயதில் கம்பி வேலிக்கு வெளியே நின்று கொழும்பு விமானம் இறங்குவதைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு வருவோம். உள்ளேயிருந்து யாராவது பதிலுக்குக் கை ஆட்டுவதுகூடத் தெரியும். இங்கே ஊரே உள்ளே இருந்தது. அத்தனை பேரும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து என்னம்மா என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. பத்து மணி மெட்ராஸ் விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். எவ்வளவு தாமதம் என்று கவுன்ட்டரில் கேட்டேன். உட்காருங்கள் என்றார்கள்.

உட்கார முடியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் காபி தேடிக்கொண்டு போனேன். அங்கே அம்மா செத்துக் கிடக்கிறாள், இவளுக்கு இங்கே காபி கேட்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டுதான் போனேன். தலை பிளந்தது. கண்ணைத் திறந்தால் வாந்தி வரும்போல் இருந்தது. முதல் கடையில் ஒரு மிஷின் புஸ்ஸென்று ஆவி விட்டது. கப் நிறைய நுரை, நுரைமேல் சாக்லேட் தூளைத் தூவிக் கொடுத்தான். ஊதி ஊதி நுரையை விலக்கிப் பார்த்தால் அடியில் நாலு வாய் பால்தான். இரண்டாம் கடையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பொடியைப் போட்டுக் கலக்கி நீட்டினார்கள். மாடியில் பெரிய ரெஸ்டாரன்ட். வெள்ளை உடுப்பு, தலைப்பாகை எல்லாம் பலமாக இருந்தது. பால் தனியாக, சர்க்கரை தனியாக, காபி தனியாக ஒரு கெட்டிலில் வந்தது. கெட்டிலைச் சாய்த்தால் சோடா பாட்டில் கழுவின தண்ணீர் மாதிரி ஒன்று விழுந்தது. இத்தனை பெரிய கட்டடத்தைக் கட்டினவனுக்கு ஒரு காபி போடத் தெரியவில்லையே என்று அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. யார் மேலாவது ஆத்திரப்பட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கயிறு கட்டின பெட்டிகள் காலைச் சுற்றி அரண் மாதிரி நின்றன. என் கையிலிருந்த பையில் திருச்சி ஜவுளிக்கடை பெயரைப் பார்த்துவிட்டார். போதாதா? அவருக்கும் திருச்சிதானாம், எடமலைப்பட்டி புதூர். மூன்று வருஷம் கழித்து வருகிறாராம். மனைவி, பிள்ளைகள் கோயம்புத்தூரில் மாமியார் வீட்டில் இருப்பதால், கோயம்புத்தூர் விமானத்துக்குக் காத்திருக்கிறாராம். மாமியாருக்கென்று பூப்போட்ட புது ஃபிளாஸ்க் ஒன்று வாங்கியிருந்தார். அட்டைப்பெட்டியைத் திறந்து அதை எனக்குக் காட்டி, உள்ளே ஊதிக் காட்டி, மறுபடி காகிதம் சுற்றி வைத்தார். வாய் ஓயவில்லை. குடிதண்ணீருக்கு, பாத்ரூமுக்கு, சும்மா வேடிக்கை பார்க்க என்று நிமிஷத்துக்கொரு தரம் எழுந்து போவார். ஒவ்வொரு தரமும், "போயிட்டு வரேங்க தங்கச்சி, பெட்டியப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். எனக்கு அந்தக் குரலே மண்டையில் ஆணியாக இறங்கியது.

லீவுக்கா வரீங்க என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். நிஜத்தைச் சொன்னால் அவர் ஐயோ என்பார், எப்படி என்பார், வயசு என்ன என்பார். இத்தனைக்கும் பதில் சொல்லச் சொல்ல அம்மா செத்தது உறுதியாகிவிடும். அது எனக்கு வேண்டாம். வேறு பேச்சுக்காகக் காபியைப் பற்றிப் புலம்பினேன். அவர் சிரித்தார். இதற்குள்ளே நல்ல காபி கிடைக்கவே கிடைக்காது, வெளியே ஸ்டேஷன் பக்கம் ஒரு உடுப்பி ஹோட்டல் இருக்கிறது, போன தடவை அங்கே குடித்தேன், நம் ஊர்க் காபி மாதிரியே இருந்தது, ஆனால் இந்த வெயிலில் ஆட்டோ பிடித்து யார் போவது என்று சொல்லி அடுத்த கதைக்குப் போய்விட்டார்.

மத்தியானமும் போயிற்று. மெட்ராஸ் விமானம் வரவில்லை. தம்பிக்கு ஏற்கெனவே ஒருமுறை போன் செய்து தாமதம் என்று சொல்லியிருந்தேன். முடிந்தவரை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றான், ஐஸ் கட்டி வாங்கிவந்திருப்பதாகவும் சொன்னான். வெயில் சாயத் தொடங்கியதும் மறுபடி போன் பூத்துக்குப் போனேன். புதூர்க்காரரும் மச்சானுக்குப் பேச வேண்டும் என்று சொல்லிப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மருந்துக்கடைக்குத்தான் போட வேண்டும். கடைக்காரர் எடுத்தார். என் குரல் கேட்டதும், நீங்களாம்மா என்றார்.

"எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இப்பத்தாம்மா. நம்ம கடையத் தாண்டுறாங்க. இனிமே தாங்காதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, "சத்தம் கேக்குதா பாருங்க" என்று ரிசீவரைத் தெருப் பக்கம் நீட்டினார்.

கேட்டது. சங்கு, சேகண்டி, யாரோ பெண்கள். நடுவில் ஒரு சைக்கிள் மணி. எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போவார்கள், அதற்குமேல் ஆண்கள் கொள்ளிடக் கரைக்குத் தூக்கிப் போவார்கள். நானும் தெருமுனை வரைக்கும் போனேன். சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றதும் கடைக்காரர், வெச்சுடட்டுமாம்மா என்று கேட்டார். சரி என்றேன்.

திரும்பினால் புதூர்க்காரர் நின்றிருந்தார். எடுத்துட்டாங்களா என்ற ஒரு வார்த்தை போதும், தமிழ் பேசுகிறவருக்கு வேறு விளக்கம் வேண்டாம். அவர் மச்சானுக்குப் பேசவில்லை. என்னோடு நாற்காலி வரை வந்தார். யாருங்க என்று மெதுவாகக் கேட்டார். அம்மா என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஆளைக் காணோம். தள்ளுவண்டியும் பெட்டிகளும் என் பக்கத்திலேயே இருந்தன. பார்த்துக்கொள்ளச் சொல்லக்கூட இல்லை. அழுகிறவள் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் எழுந்து போய்விட்டார் என்று நினைத்தேன். நான் அழவும் இல்லை. வலி நெற்றியிலிருந்து பிடரிக்கு இறங்கியிருந்தது. அத்தனை பெரிய கூட்டத்தில் அப்படித் தனியாக நான் அதற்குமுன் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

வெகுநேரம் கழித்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பூப்போட்ட ஃபிளாஸ்க். மாமியாருக்கு வாங்கியது. மூடியைத் திருகி அதில் ஊற்றினார். ஆவி வந்ததுமே வாசனை சொல்லிவிட்டது.

"குடிங்க தங்கச்சி. சக்கர தூக்கலாப் போடச் சொன்னேன்" என்றார்.

வாங்கிக் குடித்தேன். சிக்கரி அதிகம்தான். ஃபிளாஸ்க்கின் புதுவாடை வேறு. வேறு நாளாக இருந்தால் கீழே வைத்திருப்பேன். அன்று மூடியை நீட்டி நீட்டி மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து வாய் மூடாத மனுஷர், ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

கோயம்புத்தூர் விமானத்துக்கு அழைத்தார்கள். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினார். ஃபிளாஸ்க் நாற்காலியிலேயே இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணே என்று கூப்பிட வாயைத் திறந்தேன். காலையிலிருந்து சார், சார் என்றே சொல்லிக்கொண்டிருந்தவள், அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது.

அவர் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் சொல்லிவிட்டுப் போன மனுஷர், ஊருக்குப் போகிறபோது சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வாசல் வரை போய், டிக்கெட்டைக் காட்டி, கூட்டத்தோடு உள்ளே போய்விட்டார்.

கூப்பிடாமல் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் துக்கத்துக்கு என்னிடம் முதலில் வந்துபோனவர் அவர்தான். ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று, சத்தமாக அழுதேன்.