மைக்கை அணைத்த ஞாயிறு

சபையில் எல்லாரும் அவரை மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க வீடு வீடாக வயரிங் வேலை. ஞாயிறானால் ஆலயத்து ஒலிபெருக்கிக்குக் காவல். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெட்டியில் இன்னொருத்தர் கை பட விட்டதில்லை.

புதுப் போதகர் வந்ததிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. முதலில் நரகம் இல்லை என்றார். பிறகு அற்புதங்கள் எல்லாம் கதை என்றார். மைக்காரர் சபையை நடத்தும் மூப்பர்களிடம் போய்ச் சண்டை போட்டார். "அவர் படிச்ச மனுஷன், நீங்க சும்மா இருங்க" என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் சொன்னார்: "இயேசு கல்லறையைவிட்டு எழுந்தார்ங்கிறது ஒரு உருவகம்தான். செத்த உடம்பு எழும்பி வராது."

மைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மகளை அடக்கம் செய்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். யோசிப்பதற்குள் விரல் சுவிட்சை அணைத்துவிட்டது. போதகரின் வாய் மட்டும் அசைந்தது.

ஆராதனை முடிந்து போதகர் கேட்டபோது, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "வயர் லூசாயிடுச்சு ஐயா" என்று புளுகினார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைப்பு. அந்த ஆள் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்?

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது அவள் கேட்டாள்: "நிஜமாவே வயரா?"

"ஆமா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அவள் கதவைத் தள்ளினாள். "அடுத்த வாரமும் லூசாவே இருக்கட்டும்ங்க."