நான் அழித்த மூன்று மெயில்கள்

நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என் தொழில் வாழ்க்கையில் எனக்கு வந்த மெயில்களில் ஒரு வரிகூடப் பொய் இல்லாதவை என்று பார்த்தால் மூன்றுதான் தேறும். அந்த மூன்றையும் ஏமாற்று மெயில் என்று முடிவுகட்டி அழித்தவன் நான். மூன்றாவதை அழித்த கையோடு கீழே இறங்கிப் போய் எனக்கு நானே ஒரு சாயா வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை.

கொச்சி மட்டாஞ்சேரியில் இருபது வருடத்துக்கு மேலாக வெப்சைட் செய்து கொடுக்கிறேன். தாத்தா காலத்தில் பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. எங்களை மாதிரி ஆட்களை இங்கே ஊரே 'சாமி' என்றுதான் கூப்பிடும். ஆபீஸ் கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில். சி.பி.யு.வைத் திறந்தால் தூசிக்குப் பதில் சுக்கு வாசனை வரும்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எந்த பிளாட்ஃபார்ம் சார் நல்லது? நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்கிறேன். அப்படிச் செய்யாமல் இருந்தாலே பாதி கிணறு தாண்டிவிடுவீர்கள்.

1. நாற்பது கேள்விகள்

இரண்டு தெரு தள்ளி சௌந்தரம் அக்காவின் மசாலாக் கடையும் கிடங்கும். விருதுநகர்க் குடும்பம், ஆனால் அக்கா பிறந்ததே இங்கேதான். யூதர் தெருவான ஜூ டவுன் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பொட்டலம் மிளகு வாங்கிப் போவார்கள். ஊருக்குப் போய்ச் சமைத்துப் பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்று எழுதுவார்கள். அவர்களே ஆர்டர் போடுகிற மாதிரி ஒரு சைட் வேண்டும் என்றார் அக்கா. ஒருத்தருக்கு மிளகு ஒன்றிரண்டாக உடைத்திருக்க வேண்டும், இன்னொருத்தர் பச்சை ஏலத்தில் பெரிய காய் மட்டும்தான் எடுப்பார். அதையெல்லாம் சைட் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

"மிளகு எல்லார்கிட்டயும் இருக்கு, சாமி. யாருக்கு எப்படி வேணும்ங்கிற விவரம்தான் என் கடை."

நான் பிளாட்ஃபார்ம் தேட உட்கார்ந்தேன். சந்தேகம் என் கூடப் பிறந்தது. உலகமே உபயோகிக்கும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதில் சேர்க்க வேண்டிய ஒரு பிளக்இன்னை எழுதியவன் நாயோடு நின்று படம் போட்டிருந்தான். நாயை முன்னால் நிறுத்துகிறவன் பின்னால் எதையோ மறைக்கிறான் என்று எனக்குப் பட்டது. தள்ளிவிட்டேன். அடுத்தது பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் ஆன்லைன் கடை பிளாட்ஃபார்ம். இத்தனை பெரிய கம்பெனிக்கு நம் ஏலக்காய் மேல் என்ன அக்கறை? அதையும் தள்ளினேன். நானே முழுசாகப் புரோகிராம் எழுதலாமா என்று யோசித்தேன். அந்த ஆளை எனக்கு ரொம்ப வருஷமாகத் தெரியும் என்பதால் அவனை யோசிக்காமலே தள்ளினேன்.

கடைசியில் தமிழ்நாட்டில் ஒரு சின்ன கம்பெனி. பெயர் வேண்டாம், அந்தப் பெயரில் இப்போது எதுவும் இல்லை. குறுக்கு விசாரணைக்கு நாற்பது கேள்வி எழுதி வைத்துக்கொண்டு போன் போட்டேன். எடுத்த பையன் முதல் வார்த்தையாக, "சார், சாப்டீங்களா?" என்றான்.

இதன் கனம் கொச்சியில் வாழ்கிற தமிழனுக்குத்தான் தெரியும். என் வீட்டில் பேசுகிற தமிழில் பாதி மலையாளம். மகளுக்குத் தமிழில் பெயர்ப்பலகைகூடப் படிக்க வராது. கலப்பில்லாத தமிழில் ஒருத்தன் நான் சாப்பிட்டேனா என்று விசாரித்ததும், முப்பத்தொன்பது கேள்விகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மிச்சமிருந்த ஒன்றை மட்டும் கேட்டேன்: "தம்பிக்கு எந்த ஊரு?"

டெமோ காட்டியபோது அக்காவும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பிடிக்காமல் போனால் எல்லா விவரத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வர முடியுமா என்று. இன்னும் உள்ளேயே போகவில்லை, அதற்குள் வெளியே வருகிற பேச்சா என்று நான் சிரித்தேன். பப்பாளி விதை கலந்த மிளகைப் பார்க்கிற பார்வை ஒன்று அக்காவிடம் உண்டு. அதை என் மேல் வைத்தார்.

அக்கவுண்ட்டை என் மெயிலில்தான் திறந்தேன். யார் பேரில் என்று அக்கா கேட்டதற்கு, அது டெக்னிக்கல் விஷயம் என்றேன். பாதுகாப்புக்காக இன்னொன்றும் செய்தேன். கிடங்கில் பேக்கிங் பார்க்கிற கபீர் இக்காவின் (இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை இக்கா என்போம்) போனுக்கு 'புது ஆர்டர்' என்று ஒரு வரி மட்டும் போகும். பெயர், விலாசம் எல்லாம் சைட்டுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். விவரம் வேறு எங்கேயும் சிதறக் கூடாது பாருங்கள்.

2. இறுதி அறிவிப்பு

நாலு வருடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அந்தக் கம்பெனி பேரில் ஒரு மெயில். சேவையை நிறுத்துகிறோம், அறுபது நாளுக்குள் கீழே உள்ள பட்டனை அழுத்தி உங்கள் டேட்டாவை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள் என்று. ஆங்கிலத்தில் ஏகப்பட்ட எழுத்துப் பிழை. இங்கே வியாபாரிகளுக்கு நான் அவ்வப்போது இலவச வகுப்பு எடுப்பவன். அதில் முதல் பாடமே, பட்டனை அழுத்து என்று மெயில் வந்தால் அழுத்தாதே என்பதுதான். அந்தக் கம்பெனி ஆரம்பத்திலிருந்தே பிழையோடுதான் எழுதும் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை.

இரண்டாவது மெயிலும் வந்தது. மூன்றாவதன் தலைப்பு 'இறுதி அறிவிப்பு'. திருடன் இப்படித்தானே அவசரப்படுத்துவான்? அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இப்படி மெயில் வந்தால் யாரும் தொட வேண்டாம் என்று வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பலர் நன்றி சொன்னார்கள். சௌந்தரம் அக்கா கட்டைவிரல் தூக்கிக் காட்டினார்.

3. பரணில் இருந்தது

சைட் திறக்கவில்லை என்று ஒரு காலையில் கபீர் இக்கா கூப்பிட்டார். அவருடைய போனைச் சந்தேகப்பட்டு, அணைத்துப் போடச் சொன்னேன். பிறகு அவருடைய நெட்டைச் சந்தேகப்பட்டேன். எல்லாம் தீர்ந்த பிறகு என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். வெள்ளைப் பக்கம். சாப்பிட்டேனா என்று கேட்ட தம்பியின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

கிடங்குக்குப் போனேன். அக்கா முறத்தில் கிராம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் ஆர்டர் தொடங்குகிற சமயம்.

"கஸ்டமர் விவரம் எல்லாம் எங்கே இருக்கு, சாமி?"

"கிளவுடில, அக்கா."

"அது எங்கே?"

"நேத்து வரைக்கும் இருந்தது."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாலு வருஷமாக ஒரே பக்குவத்தில் வாங்குகிற அம்மாளிடம் போய், உங்களுக்கு எப்படி வேண்டும் என்று புதிதாகக் கேட்டால், பக்கத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவாள் என்றார். அப்படிக் கேட்பதற்குக்கூட அவள் விலாசம் நம்மிடம் இல்லை என்றும் சொன்னார்.

கபீர் இக்கா தாடியைத் தடவிக்கொண்டே, "கள்ளன்மார் மெயில்னு குரூப்பில சாமி போட்டது இதே மெயில் அல்லே?" என்றார். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு இக்கா ஏணியை எடுத்தார். பரணிலிருந்து மூன்று சாக்குகள் இறங்கின. உள்ளே தீப்பெட்டி அளவில் ஏராளமான காகிதப் பொட்டலங்கள்.

மசாலாத் தொழிலில் இது ஒரு பழக்கம். எந்தச் சரக்கு வெளியே போனாலும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மாதிரிக்கு வைத்துக்கொள்வார்கள். பார்சலில் ஒட்டுகிற அதே லேபிளை இதிலும் ஒட்டுவார்கள். கல் இருந்தது, பூஞ்சை இருந்தது என்று வாங்கினவர் புகார் சொன்னால் பிரித்துக் காட்டலாம். லேபிளில் பெயர், விலாசம், சரக்கு, எப்படி உடைக்க வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் உண்டு. ஆறு மாதம் வைத்திருந்தாலே தாராளம். அக்கா நாலு வருடத்துப் பொட்டலங்களையும் வைத்திருந்தார்; புகாருக்காக வைத்ததில் விலாசமும் இருக்கிறது என்பது இக்காவுக்குத்தான் தோன்றியது. ஏன் இத்தனை நாள் என்று கேட்டேன்.

"வாங்கினவங்க மறந்துட்டாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நாலு நாள் கிடங்கிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலமாகப் பார்த்து டைப் அடித்தேன். இக்கா வாசித்தார், நான் அடித்தேன், நடுநடுவே தும்மினேன். பேக்கப்பிலிருந்து டேட்டா எடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது இந்தத் தொழிலிலேயே எனக்கு மட்டும்தான் இருக்கும். எல்லாம் கிடைக்கவில்லை. சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. ஒன்றில் 'ஹெல்கா, பாதி உடைத்தது' என்பது மட்டும் மிச்சம். நாலு வருஷமாக எங்களிடம் வாங்கிய ஹெல்கா எந்த நாட்டில் இருக்கிறார் என்று இன்றுவரை தெரியாது.

புது பிளாட்ஃபார்மை அக்காவை வைத்துக்கொண்டே தேர்ந்தெடுத்தேன். நாயோ சாப்பாடோ எதுவும் குறுக்கே வரவில்லை. பார்த்த ஒவ்வொரு பிளாட்ஃபார்மிலும் முதலில் பத்துக் கஸ்டமரை உள்ளே போட்டோம். உடனே எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தோம். ஒன்றில் பெயர் வந்தது, விலாசம் வரவில்லை. இன்னொன்றில் வெளியே எடுக்கிற வசதியே இல்லை. மூன்றாவதில் பத்துப் பேரும் குறிப்போடு முழுசாக வந்தார்கள். நான் அன்றைக்குத் தள்ளிவிட்ட பெரிய கம்பெனிதான் அது.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். செய்தவன் யார், எந்த ஊர், முகம் எப்படி என்று சந்தேகப்படுவது வெறும் பொழுதுபோக்கு. நாளைக்கே இது மூடிவிட்டால் என் கையில் என்ன இருக்கும் என்று சந்தேகப்படுவதுதான் வேலை. உள்ளே போட்டதை வெளியே எடுத்துப் பார்க்காமல் எந்த பிளாட்ஃபார்மையும் யாருக்கும் சொல்லாதீர்கள். அக்கவுண்ட், டொமைன் இரண்டும் கடைக்காரர் பெயரில், கடைக்காரர் மெயிலில் இருக்கட்டும். அறிவிப்பு வந்தால் அவர் படிக்கட்டும். நம்மைவிட நன்றாகப் படிப்பார்.

புது சைட் திறந்த அன்றைக்கே முதல் ஆர்டர் வந்தது. மிளகு, ஒன்றிரண்டாக உடைத்தது. அக்காவின் முன்னால் நின்று, நடந்ததை மறந்துவிடுங்கள், இனி நீங்கள் எதையும் பார்க்கவே வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், இந்தத் தடவை என்னை முழுசாக நம்பலாம் என்று நீளமாக ஒரு பேச்சுப் பேசினேன். அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு ஒரு வெற்று லேபிளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

"பாஸ்வேர்டை இதுல எழுதி வெச்சிட்டுப் போங்க."