இழுப்பு என்று சொல்லிவிட்டேன்

கேரள எல்லைக்குள் இருக்கிற வடகரப்பதிப் பக்கம் எங்கள் தமிழ்ப் பேச்சில் இழுப்புக்கு இரண்டு அர்த்தம். மூச்சு இரைத்தாலும் இழுப்புதான், வலிப்பு வந்து கை கால் வெட்டினாலும் இழுப்புதான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன் நான். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள எனக்குத் தெரிந்திருந்தது.

மகளுக்கு அப்போது பதினாலு வயது. களத்தில் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே உறைந்துபோனாள். கண் நிலைகுத்தியது. இடது கை விரல்கள் மட்டும் பாவாடையைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன. பிறகு சாய்ந்து விழுந்து கை கால் இழுத்தது. எழுந்தபோது அவளுக்கு ஒன்றுமே நினைவில்லை. "தூங்கிட்டேனுங்ப்பா?" என்று கேட்டாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் சிஸ்டர், "எந்தா அசுகம்?" என்று மலையாளத்தில் என்ன நோவு என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் பங்காளி வீட்டு அம்மா ஒருத்தர் நின்றார். காக்கா வலிப்பு என்று அவர் காதில் விழுந்தால் நாளைக்கு இவளை யார் பெண் கேட்டு வருவார்கள்?

"இழுப்புங்க" என்றேன்.

"வலிவோ?"

மலையாளத்தில் வலிவு என்றால் மூச்சிரைப்பு. அது எனக்கு நன்றாகவே தெரியும். தலையை ஆட்டினேன். உள்ளே டாக்டரிடமும் அதையே சொன்னேன். நெஞ்சு தெளிவாகத்தான் இருக்கிறது, வரும்போது அடித்துக்கொள்ளட்டும் என்று வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துப் பம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பம்பை என் மகள் நம்பினாள். அடிவயிற்றிலிருந்து என்னவோ ஏறி வருகிற மாதிரி இருக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்து உறிஞ்சுவாள். உறிஞ்சிக்கொண்டே விழுவாள். ஏழு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரியிடம் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். பழனிக்குக் காவடி எடுத்தேன், மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தேன், மந்திரித்த கயிறு கட்டினேன். சாமிக்குச் செய்ததில் குறை வைக்கவில்லை. சாமியிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, டாக்டரிடம் பொய் சொன்னேன்.

கஞ்சி வடிக்கும்போது விழுந்து, வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பழைய பொய் வெளியே வந்துவிடக் கூடாதென்று அங்கேயும் படிவத்தில் வலிப்பு மூணு வருஷம், மூச்சிரைப்பு ஏழு வருஷம் என்றுதான் எழுத வைத்தேன்.

ஸ்கேன் எடுத்து, தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்து முடித்து, டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார். மேசையில் பிளாஸ்டிக்கில் ஒரு மூளை இருந்தது. தேங்காய் உடைத்த மாதிரி அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். "இது எல்லாருக்கும் பொதுவானது" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "இது உங்க மகளோடது. ஸ்கேனையும் ஒயர்ல கிடைச்ச கோடுகளையும் வெச்சுக் கம்ப்யூட்டர்ல உண்டாக்கின மாடல். இதுக்குள்ள வலிப்பை வரவெச்சுப் பார்ப்போம். எங்க தொடங்குது, எப்படிப் பரவுதுன்னு ஒரு ஊகம் கிடைக்கும்."

"அப்ப எனக்குப் பதிலா அது உழுகுமுங்களா?" என்றாள் மகள்.

"விழும். கஞ்சி கொட்டாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதை மட்டும் நம்பி எதுவும் செய்ய மாட்டோம்" என்றார் டாக்டரம்மா. "மருந்து போதுமா, ஆபரேஷன் வேணுமான்னு யோசிக்க ஒரு துணை. ஆனா நாம குடுக்கற விவரம் தப்புன்னா இதுவும் தப்பாத்தான் காட்டும். முதல் தடவை எப்ப வந்துது? எந்தப் பக்கம் தொடங்குச்சு?"

"மூணு வருஷமா" என்று மகளே சொன்னாள். அதற்கு முந்தி வந்ததெல்லாம் மூச்சிரைப்பு என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். திரையில் அந்த மூளை மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. என் பொய் அதற்குள்ளும் போய் உட்காரப் போகிறது.

"மூச்சிரைப்பே இல்லீங்க டாக்டரம்மா" என்றேன். "பதினாலு வயசுலயே இதுதானுங்க. முதல்ல இடது கை துணியப் புடிச்சுப் புடிச்சு உடும். அப்புறந்தான் உழுகும். எல்லாத் தடவையும் அப்படித்தானுங்க. நான் பார்த்திருக்கறனுங்க."

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. எவ்வளவு நேரம், அப்போது பேசுவாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மகள் பையிலிருந்து பம்பை எடுத்துப் பிளாஸ்டிக் மூளைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப இத்தன வருசமா இத எதுக்குங்ப்பா உறிஞ்சுனேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. பதினாலு வயதில் கேட்ட அதே குரலில் கேட்டாள். "சாமி" என்று அவளைச் செல்லமாகக் கூப்பிட்டேன். 

இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். விழுவது குறைந்திருக்கிறது. ஆபரேஷனைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. தினமும் திருநீறு பூசும்போது முருகனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

போன மாதம் மாத்திரை வாங்க எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே வரிசை. பின்னால் தெரிந்த முகங்கள் நாலைந்து. சிஸ்டர் மட்டும் வேறே ஆள்.

"எந்தா அசுகம்?"

வாயைத் திறந்தேன். இத்தனைக்குப் பிறகும் என் நாக்கு அந்தப் பழைய சொல்லைத்தான் தேடியது. மகள் என்னைத் தாண்டி முன்னால் போய் நின்றாள்.

"அபஸ்மாரம்" என்றாள், காக்கா வலிப்புக்கு உள்ள மலையாளச் சொல்லை, எல்லாருக்கும் கேட்கும்படி.

சிஸ்டர் எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்க நான் கையை நீட்டினேன். அவள் அதை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.