கூட்டத்துக்கு வந்த அப்பா

பினாயில் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு ஆகாது. ஆஸ்பத்திரியென்றாலும் சரி, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டென்றாலும் சரி, அந்த வாசம் என்னை நேரே நான் ஆறாம் வகுப்புப் படித்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அன்றைக்கு அந்த வராந்தாவைத் தொட்டித் தண்ணீர் தீரும்வரை கழுவிவிட்டது நாங்கள்தான். டவுனிலிருந்து அதிகாரி வருகிறார், பெற்றோர் கூட்டம் நடக்கிறது, ஒரு சகதிக்கால் உள்ளே வரக் கூடாது என்று சொல்லி, டீச்சர் வாசற்படியில் என்னையும் இன்னொரு பிள்ளையையும் காவலுக்கு நிறுத்தியிருந்தார்.

பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில் இருந்தது. எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்கக் கோவில்பட்டி விடுதியில்தான் சேர வேண்டும். அடுத்த வருஷத்துக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கென்று இரண்டே இடம் ஒதுக்கியிருந்தார்கள். தகப்பன் அந்தக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் இடம், இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். என் அக்கா செல்விதான் எட்டாம் வகுப்பில் முதல் மாணவி. "பொட்டப்பிள்ளைய விடுதியிலயா விடுறது" என்று முரண்டு பிடித்த அப்பாவை, ஒரு மாதமாக அழுதும் பட்டினி கிடந்தும் அவள் சம்மதிக்க வைத்திருந்தாள்.

நாள் குறித்தவர்களுக்குக் கரிசல் மண்ணைப் பற்றி என்ன தெரியும்? புரட்டாசி மழை விழுந்து நிலம் "பதம்" வந்தால் நாலைந்து நாளில் விதைத்து முடித்தாக வேண்டும். விட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். சரியாக அந்த நாளில் கூட்டத்தை வைத்துவிட்டு, பிள்ளை படிப்பில் அக்கறையில்லாத சனம் என்று பேசுவார்கள். இன்றைக்கும் அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர்களை ஏச எனக்கு அருகதை கிடையாது.

ஏனென்றால் அப்பா வந்தார். விதைப்பைப் பாதியில் விட்டுவிட்டு, தூறலுக்குச் சாக்கைக் "கொங்காணி" போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு மைல் நடந்து வந்தார். கரிசல் சகதியில் நடந்தவர்களுக்குத் தெரியும், அடிக்கு அடி மண் அப்பிக் காலைத் தூக்கவே முடியாது. முழங்கால்வரை கருப்பாக நின்றவரைப் பார்த்து, "உள்ள வராதீங்கப்பா, டீச்சர் ஏசுவாவ, அங்கன நில்லுங்க" என்றேன்.

"சரிட்டி. அக்கா பேரக் கூப்பிட்டா ஒரு சத்தம் குடு, கால வழிச்சிட்டு நிக்கேன்" என்று சொல்லிவிட்டு, கட்டடத்துக்குப் பக்கவாட்டில் இருந்த வேப்பமரத்தடிக்குப் போனார்.

என்னோடு நின்ற அந்த ஊர்ப் பிள்ளை மூக்கைச் சுளித்து, "யாருட்டி அது, பன்னி கணக்கா?" என்றாள். "தெரியலட்டி" என்றேன்.

உள்ளே பெரிய சார், "செல்வியோட அப்பா வந்திருக்காவளா?" என்று மூன்று தடவை கேட்டார். செல்வி எழுந்து வாசலைப் பார்த்தாள். வாசலில் நான் நின்றேன். அப்பா வந்தாச்சா என்று கண்ணாலேயே கேட்டாள். பக்கத்தில் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்கு எழுதிவிட்டார்கள்.

அதிகாரியின் ஜீப் கிளம்பிய பிறகு அப்பா வந்து, "கூப்பிடலயாட்டி?" என்றார். "முடிஞ்சிட்டுப்பா" என்றேன். என்னையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, ஈரம் காய்ந்துவிடும் என்று சொல்லி விதைப்புக் காட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி செல்வி, "ஏம்ப்பா வரல?" என்று கதறியபோது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "விதைப்பு கெடந்துச்சுல்லா, வர முடியல" என்றார்.

செல்வி எட்டாம் வகுப்பு முடித்துத் "தீப்பெட்டி ஆபீஸ்" வேனில் தீக்குச்சி அடுக்கும் கூலி வேலைக்கு ஏறினாள். இரண்டு வருஷம் கழித்து எனக்கான கூட்டத்துக்கு அப்பா காலைக் கழுவிக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி வந்து உட்கார்ந்திருந்தார். நான் படித்தேன், அரசாங்க வேலைக்கும் வந்துவிட்டேன்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் சேரவில்லையென்று பூட்டி, வராந்தா ஓடெல்லாம் இறங்கிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. கூட்டத்துக்கு வரச் சொல்லிப் போனில் செய்தி வருகிறது.

போன பங்குனியில் அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் விசேஷத்தில் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த செல்வி, "அன்னைக்கு ஒரு நா வந்து நின்னிருந்தா என் பொழப்பே மாறியிருக்கும்" என்றாள். எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. "அப்பா வந்தாவக்கா. நாந்தான் வெளியே நிறுத்திட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த காயை நறுக்கித் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டாள்: "கடைசி வாரம் அவிய எங்கிட்டத்தான் தண்ணி கேட்டாவ. குடுத்தேன், ஆனா மொகம் குடுத்துப் பேசல. அப்பவாது சொல்லியிருக்கலாம்லாட்டி?"

அதற்குள் யாரோ காய் கேட்டு வந்தார்கள். அவள் தட்டை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.