அழிரப்பர்

பதினொன்றாம் வகுப்பு மனிதப் புவியியலுக்குப் பாடத்திட்டம் எழுதுகையில் அழிரப்பர் வாசம் மூக்கில் ஏறியது.

இதே பள்ளியில், ஆறாம் வகுப்பில், நான் வரைந்த ஊர் வரைபடத்தில் கண்மாயும் கோயிலும் எங்கள் தெருவும் இருந்தன. பாடம் எடுத்த சார் எங்கள் தெருவை மட்டும் தாள் கிழியும்வரை ரப்பரால் தேய்த்தார்.

“காலனியெல்லாம் ஊருக்குள்ள வராது, புள்ள.”

மிளகாய்க்காட்டு வேலை முடிந்து வந்த அம்மா, “அவுக சொன்னா கேட்டுக்க ஆத்தா” என்றபடி கிழிசலைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினாள்.

இப்போது அந்தச் சாருடைய பேத்தி என் வகுப்பில் இருக்கிறாள். அவள் அப்பா வேலைக்குப் போயிருப்பது திருப்பூரில்; அவளுக்குக் கையெழுத்துப் போடுவது தாத்தாதான்.

முதல் வாரத்துக்கு எழுதினேன்: காலனியில் வீடு வீடாகப் பெயர் கேட்டு வரைபடம் வரைய வேண்டும், வீட்டில் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்.

வன்மம்தான். இருக்கட்டும்.

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: பென்சில் கூடாது, பேனாவில்தான் வரைய வேண்டும்.